பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீடுகளில் அலமாரிக்குள் கிடந்த லேப்டாப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. சனிக்கிழமை மாலைகளில் நாலைந்து தம்பிகள் என் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுகிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருவன் திரையை என் பக்கம் திருப்பி, "அண்ணே, பாருங்க, 190 எம்பிதான் எடுக்குது" என்றான். கணினியின் வேலை நினைவகமான ரேமில் அவ்வளவுதான் பிடிக்கிறதாம். முகமெல்லாம் பூரிப்பு. சில வருடங்களுக்கு முன் நானும் இதே பூரிப்போடு என் அக்காவுக்கு ஒரு லேப்டாப்பைக் கொடுத்தேன். அந்தப் பூரிப்புக்கான விலையை அக்காதான் கட்டினாள். அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

படங்களை நகலெடுத்து வைக்காமல் வட்டை அழிப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

பழசு என்றாலே 32 பிட் என்று நினைப்பது

லேப்டாப்பில் விண்டோஸ் 7-இன் 32 பிட் பதிப்பு இருந்தது, அதனால் லினக்ஸும் 32 பிட்தான் வேண்டும் என்கிறார்கள். 32 பிட் பழைய வகை, 64 பிட் புதிய வகை. ஆனால் போட்டிருந்த விண்டோஸ் வேறு, உள்ளே இருக்கும் பிராசசர் வேறு. 2006-இல் வந்த கோர் 2 டுவோவே 64 பிட். 32 பிட்டோடு நின்றுபோனவை பெரும்பாலும் ஆட்டம் என்270 போன்ற சில்லு வைத்த சின்ன நெட்புக்குகள். பிராசசரின் பெயரைத் தேடிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தேவையில்லாமல் 32 பிட்டுக்குப் போனால் கதவுகள் வரிசையாக மூடிக்கொள்ளும். லுபுண்டு என்ற லினக்ஸ் வகை 19.04-இலிருந்து 32 பிட் பதிப்பு வெளியிடவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த இன்னொரு வகையான டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கான நிறுவியே (இன்ஸ்டாலர்) இல்லை. லினக்ஸில் 32 பிட் குரோம் 2016-இலேயே நின்றுவிட்டது.

சும்மா இருக்கும்போது எடுக்கும் ரேமைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

என்னை இன்றும் உறுத்துகிற தவறு இதுதான்.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது அக்கா மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. வகுப்புகள் கூகிள் மீட்டில் நடந்தன. அக்கா வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருந்தது: இரண்டாம் தலைமுறை ஐ3, 2 ஜிபி ரேம், சுழலும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதற்கு எது மிக இலேசானது என்று இரண்டு நாள் தேடி ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் வகையைப் போட்டேன். திரை வந்து நின்றதும் பார்த்தால் 200 எம்பிகூட எடுக்கவில்லை. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு அழைப்பு. "மாமா, டீச்சர் பேசறது விட்டு விட்டுக் கேக்குது." மீட் ஒரு தாவலில், பயிற்சித்தாள் இன்னொரு தாவலில். ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி சிறிது நேரம் கழித்துத்தான் நகர்ந்தது. வைஃபை அறுந்தால் மறுபடி இணைக்கும் சாளரமும் அக்காவுக்குப் புரியவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு மாடி இறங்கிப் போனேன். சரி, இன்னும் இலேசாக ஒன்று போடலாம் என்று அடுத்த வாரம் பப்பி லினக்ஸ் போட்டேன். அதுவும் அப்படியேதான். கடைசியில், "மெஷின் அவ்வளவுதான்க்கா, புதுசு வாங்கிடு" என்று சொன்னேன்.

அந்த வருடம் இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிச் சேமிப்பிலிருந்து மாதம் 500 ரிங்கிட் வரை எடுக்க ஐ-லெஸ்தாரி என்ற ஏற்பாடு இருந்தது. அக்கா அதிலிருந்து எடுத்து 1,899 ரிங்கிட்டுக்குப் புது லேப்டாப் வாங்கினாள். ஓய்வுக்காலத்துக்கென்று வைத்திருந்த பணம்.

சில மாதங்கள் கழித்துப் பழைய லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினேன். ரேமுக்கான இரண்டாவது இடம் காலியாக இருந்தது. கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் 4 ஜிபி ரேம் ஒன்றும், சுழலாத வேகமான வட்டான எஸ்எஸ்டி 240 ஜிபியில் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து 200 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். அதே மீட், அதே பயிற்சித்தாள், பக்கத்தில் ஒரு யூடியூப் காணொளி. எல்லாம் ஓடியது. அந்த லேப்டாப்பில்தான் அக்கா இன்றும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்கிறாள்.

எங்கே பிசகினேன் என்றால், யாரும் கணினியைத் தொடாமல் இருக்கும்போது இயங்குதளம் எவ்வளவு எடுக்கிறது என்பதை மட்டும் அளந்தேன். ஆன்டிஎக்ஸ் 200 எம்பி, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ 700, 800 எம்பி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் மிஞ்சிப்போனால் 600 எம்பி. மீட்டும் கிளாஸ்ரூமும் திறந்த உலாவி ஒன்றே 1.5 ஜிபியைத் தாண்டும், எந்த இயங்குதளத்தில் திறந்தாலும். ரேம் நிறைந்ததும் மிச்சத்தை ஸ்வாப் என்ற பெயரில் வட்டில் எழுதி எழுதிப் படிக்கும். சுழலும் வட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும்போது வினாடிக்கு நூறு தடவை எட்டுவதே பெரிது. மலிவான எஸ்எஸ்டிகூட ஆயிரக்கணக்கில் செய்யும். அக்கா மகளின் வகுப்பு நின்று நின்று வந்தது அந்த வட்டில்தான். நானோ இயங்குதளத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

அதனால் இப்போது லேப்டாப்போடு யார் வந்தாலும் முதலில் மூடியைக் கழற்றச் சொல்கிறேன். ரேமுக்கு இடம் இருக்கிறதா, வட்டை மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். ரேம் வாங்கும்போது டிடிஆர்3 வேறு, டிடிஆர்3எல் வேறு என்பதைக் கவனியுங்கள். குறைந்த மின்னழுத்தத்துக்கான 'எல்' வகை பழைய லேப்டாப்பிலும் பொதுவாக வேலை செய்யும். 'எல்' மட்டுமே கேட்கும் லேப்டாப்பில் சாதாரண டிடிஆர்3 வேலை செய்யாது.

4 ஜிபி ரேம் இருந்தால் புதியவருக்கு மின்ட் எக்ஸ்எஃப்சிஇ கொடுங்கள். வேறு தேட வேண்டாம். விண்டோஸில் பழகியவர்கள் மெனுவையும் கடிகாரத்தையும் வைஃபையையும் கேட்காமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள். 2 ஜிபியோடு நிற்கும், கூட்டவே முடியாது என்றால் லுபுண்டு. கூடவே இரண்டு தாவலுக்கு மேல் திறக்காதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். ஆன்டிஎக்ஸும் பப்பியும் நல்லவை. 1 ஜிபி நெட்புக்கில் அவற்றை நானே வைத்திருக்கிறேன், தட்டச்சுக்கும் பாட்டுக்கும். பள்ளிகளின் இணையக் கற்றல் தளமான டெலிமா கணக்கில் நுழைந்து பாடம் படிக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த நெட்புக்கைக் கொடுக்க மாட்டேன்.

அந்தத் தம்பியிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "இது யாருக்குடா?" அவன் அம்மாவுக்காம். அம்மா தினமும் திறக்கும் பக்கங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டு அந்த எண்ணைப் பார்க்கச் சொன்னேன். 1.8 ஜிபி காட்டியது.

திரை வந்ததும் நிறுவிவிடுவது

பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டிப் பார்க்கும் வசதியை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம்கூட யாரும் சோதிப்பதில்லை. வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம் எல்லாவற்றையும் பாருங்கள். மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். பிராட்காம் வைஃபை சில்லு இருந்தால் அதை இயக்கும் மென்பொருளான இயக்கியைத் (டிரைவர்) தனியாகப் போட வேண்டியிருக்கும். அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். கைபேசியை யூஎஸ்பி கேபிளில் செருகி, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங் போட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. வேகத்தை மட்டும் இந்தச் சோதனையில் எடை போடாதீர்கள், பென்டிரைவ் மெதுவாகத்தான் படிக்கும்.

ஒரே வாரத்தில் நான்கு டிஸ்ட்ரோ மாற்றுவது

டிஸ்ட்ரோ என்றால் லினக்ஸின் ஒரு வகை. ஒன்றைப் போட்டு ஒரு மாதம் இருங்கள்.

ஆதரவு முடிந்த பதிப்பு

"அதுதான் இலேசு" என்று பத்து வருடத்துப் பழைய பதிப்பைத் தேடி இறக்காதீர்கள். பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு.

தேதியைப் பார்க்காமல் இணையத்தைத் திட்டுவது

எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறதா? மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். அலமாரியில் பல வருடம் கிடந்த லேப்டாப்பில் மதர்போர்டு பேட்டரி செத்திருக்கும், தேதி 2010-க்குப் போயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் அந்தத் தேதிக்குப் பொருந்தாது. சிலவற்றில் அது சிஆர்2032 என்ற சின்ன நாணய பேட்டரிதான், சில ரிங்கிட்டில் கிடைக்கும்.

தமிழைக் கடைசியில் யோசிப்பது

மின்ட்டிலும் லுபுண்டுவிலும் யூனிகோடு தமிழ் வாசிப்பதில் சிக்கல் இல்லை. மிகச் சிறிய டிஸ்ட்ரோக்களில் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியலாம். நோட்டோ அல்லது லோகித் எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். தமிழ்99-இல் தட்டச்சுபவர்களுக்கு அந்த விசைப்பலகை அமைப்பு லினக்ஸிலேயே உண்டு. நம் ஊர் மென்பொருளான முரசு அஞ்சலில் பழகியவர்கள் லினக்ஸின் தட்டச்சுக் கருவியான ஐபஸ் வழியாக ஒலிபெயர்ப்பு முறையைப் பயன்படுத்தலாம். எல்லா எழுத்தும் அஞ்சலோடு ஒத்துப்போகாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதைவிடப் பெரியது பழைய ஆவணங்கள். ஒரு கோயில் நிர்வாகத்தின் கணினிக்கு மின்ட் போட்டுக் கொடுத்தேன். இருபது வருடத்துத் திருவிழாக் கடிதங்களைப் பத்திரமாக நகலெடுத்திருந்தேன். லிப்ரே ஆபிஸில் திறந்தால் அத்தனையும் புரியாத குறிகள். அவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அந்த எழுத்துருக்கள் விண்டோஸோடு அழிந்துவிட்டன. செயலாளர் வீட்டுப் பழைய சிடி ஒன்றில் அவை கிடைக்கும்வரை மூன்று வாரம் நான் நிம்மதியாக இல்லை. விண்டோஸை அழிக்கும் முன் அதன் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.