சுற்றுலாக் கப்பலில் கூட வருகிறவர்கள் எந்த வயதினர்? பதிவு செய்யும் முன்பே தெரிந்துகொள்வது எப்படி

"க்ரூஸா? அது ரிட்டயர் ஆனவர்கள் போவது" என்பார்கள் சிலர். "ஒரே பிள்ளைகள் கூச்சல், நிம்மதியாக உட்கார முடியவில்லை" என்பார்கள் வேறு சிலர். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், போன தேதிதான் வேறு. ஒரே கப்பல் ஒரே வழியில் போனாலும் ஜனவரி மூன்றாம் வாரம் டெக் (கப்பலின் தளம்) முழுக்க நரைத்த தலைகள் இருக்கும். டிசம்பர் கடைசி வாரம் நீச்சல் குளத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் கப்பலின் பெயரை மட்டும் வைத்துப் பணம் கட்டாதீர்கள். எத்தனை நாள், எந்த வாரம், எந்த ஊரிலிருந்து கிளம்புகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

நாள் கணக்கைப் பார்ப்பது சுலபம். மயாமி, லாஸ் ஏஞ்சலஸ், சிங்கப்பூர் போன்ற ஊர்களிலிருந்து புறப்படும் 3 முதல் 5 நாள் பயணங்களில் வேலைக்குப் போகிறவர்கள், நண்பர் கூட்டங்கள், சின்னக் குழந்தை உள்ள இளம் தம்பதிகள் அதிகம். வெள்ளிக்கிழமை கிளம்பித் திங்கட்கிழமை திரும்பும் பயணமானால் இரவு 2 மணிக்கும் பாட்டு ஓடும். 7 நாள் பயணத்தில் எல்லா வயதினரும் கலந்து வருவார்கள். 10 நாளைத் தாண்டினாலே பள்ளிப் பிள்ளைகள் குறைந்துவிடுவார்கள், அவ்வளவு லீவு யாருக்குக் கிடைக்கும்? ஏப்ரல், மே மாதங்களில் கரீபியனிலிருந்து ஐரோப்பாவுக்கும், அக்டோபர், நவம்பரில் திரும்பியும் அட்லாண்டிக்கைக் கடக்கும் இரண்டு வாரப் பயணங்களில் பாதி நாள் கரையே தெரியாது. அதில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற தம்பதிகள். 100 நாளுக்கு மேல் போகும் உலகச் சுற்றுப் பயணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதிகம் பேர் ஏமாறுவது எந்த வாரம் என்பதில்தான். நம் ஊர் விடுமுறையைப் பார்த்து மற்ற நாட்களில் கூட்டம் இருக்காது என்று நினைக்கிறோம். கப்பல் எந்த ஊரில் ஆள் ஏற்றுகிறதோ அந்த ஊர்ப் பள்ளி விடுமுறையைத்தான் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் ஜூன் மாதமும், நவம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் முடிய உள்ள வாரங்களும் பெரிய விடுமுறை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம் உண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மே மாதம் முழுக்க விடுமுறை, சிங்கப்பூரில் அந்த மாதம் பெரும்பாலான நாட்கள் பள்ளி நடக்கும். அதனால் மே முதல் மூன்று வாரங்களில் சிங்கப்பூரில் ஏறினால் உங்கள் பிள்ளைகளுக்கு லீவும் இருக்கும், உள்ளூர்ப் பள்ளிக் கூட்டமும் இருக்காது. நம்மைப் போல இந்தியாவிலிருந்து வரும் குடும்பங்கள் இருக்கும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மார்ச் தொடங்கி ஏப்ரல் நடுவரை கல்லூரி, பள்ளி மாணவர்களின் வசந்த விடுமுறை மாறி மாறி வரும். அமைதி தேடுகிறவர்கள் அந்த வாரங்களில் புளோரிடாவிலிருந்து கிளம்பும் குறுகிய பயணங்களின் பக்கமே போக வேண்டாம். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை குடும்பங்களின் காலம். அலாஸ்கா பயணங்கள் மே முதல் செப்டம்பர் வரை நடக்கின்றன. அதில் மே மாதமும் செப்டம்பரும் பெரியவர்களுக்கு, நடு மாதங்கள் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு. கரீபியனில் குழந்தைகள் மிகக் குறைவாக இருப்பது டிசம்பர் முதல் இரண்டு வாரங்கள், புத்தாண்டு கழிந்து ஜனவரி நடு முதல் பிப்ரவரித் தொடக்கம் வரை, பிறகு செப்டம்பர். செப்டம்பரில் கட்டணமும் இறங்கும், ஆனால் அது புயல் காலம், வழி மாறினாலும் மாறும்.

குழந்தைகளே வேண்டாம் என்றால் ஊகிக்கவே தேவையில்லை. வர்ஜின் வாயேஜஸ், வைக்கிங் என்ற இரண்டு நிறுவனங்களிலும் 18 வயது நிரம்பியவர்களுக்குத்தான் இடம். பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனத்தில் ஆர்கேடியா, அரோரா என்ற இரண்டு கப்பல்கள் பெரியவர்களுக்கு மட்டுமானவை. சாகா நிறுவனம் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, துணைக்கு வருகிறவருக்கு 40 ஆகியிருக்க வேண்டும். ஹாலண்ட் அமெரிக்கா என்ற நிறுவனத்தில் அப்படித் தடை கிடையாது, ஆனால் நீண்ட பயணங்களில் மூத்தவர்களே நிறைந்திருப்பார்கள்.

கப்பலின் விவரப் பக்கத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. பயணிகள் எண்ணிக்கை இரண்டு விதமாகக் கொடுக்கப்பட்டிருக்கும். ஒன்று அறைக்கு இருவர் என்ற கணக்கு, மற்றொன்று அதிகபட்சம். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் 2,805 அறைகள், இருவர் கணக்கில் 5,610 பேர். அதிகபட்சம் 7,600. நடுவில் உள்ள சுமார் 2,000 இடங்கள் சோஃபாக் கட்டில், சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கும் மேல் கட்டில் ஆகியவை. அவற்றில் படுப்பது யார்? பெரும்பாலும் பிள்ளைகள்தான். இந்த இரண்டு எண்ணுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும் கப்பல் குடும்பங்களுக்காகக் கட்டியது. இடைவெளி சிறிதென்றால் தம்பதிகளுக்கானது. அதேபோல "மூன்றாவது, நான்காவது நபர் இலவசம்" என்று விளம்பரம் வந்தால், அந்தத் தேதிகளில் அறைக்கு நாலு பேராக வருவார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வயதால் ஏறவே முடியாமல் போகிறவர்களும் உண்டு. கைக்குழந்தைக்குப் பெரும்பாலான நிறுவனங்களில் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். தொடர்ந்து 3 நாள் கடலிலேயே போகும் பயணங்களுக்கும் பெருங்கடலைக் கடக்கும் பயணங்களுக்கும் 12 மாதம் கேட்பார்கள். பயணத்தின் எந்த நாளிலாவது கர்ப்பம் 24 வாரத்தைத் தொட்டுவிடும் என்றால் ஏற்ற மாட்டார்கள். கிளம்பும் நாளை வைத்து எண்ணாதீர்கள், திரும்பும் நாளை வைத்து எண்ணுங்கள். இளைஞர்களுக்கு வேறு சிக்கல். வட அமெரிக்காவில் கிளம்பும் கப்பல்களில் பொதுவாக அறையில் ஒருவருக்காவது 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியாவில் பல நிறுவனங்களுக்கு 18 போதும். 19 வயது நண்பர்கள் நாலு பேர் பொதுவாக மயாமியில் ஏற முடியாது, சிங்கப்பூரில் பல கப்பல்களில் ஏறலாம். தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளை மட்டும் அழைத்துப் போவதானால், பெற்றோர் கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். கவுன்டரில் கேட்கும்போது வாட்ஸப்பில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

மூன்று தலைமுறையாகப் போகிறவர்கள்

அறையை எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுங்கள். முக்கியமாக, பிள்ளைகளின் பெயரை "அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள். ஒவ்வொரு அறைக்கும் ஓர் உயிர்காப்புப் படகும், ஆபத்து நேரத்தில் போய் நிற்க வேண்டிய கூடுமிடமும் ஒதுக்கப்பட்டிருக்கும். அந்தப் படகின் எண்ணிக்கை நிறைந்துவிட்டால், அறையில் மேல் கட்டில் காலியாக இருந்தாலும் மூன்றாவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள்.

மேல் கட்டிலைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பகலில் அது இருப்பதே தெரியாது. இரவு அறைப் பணியாளர் வந்து இறக்கி, ஓர் ஓரத்தில் ஏணியை மாட்டிவிட்டுப் போவார். அதன் பிறகு கீழே படுத்திருப்பவர் சட்டென எழுந்தால் தலை இடிக்கும், ஏணி கழிவறைக்குப் போகிற வழியில் நிற்கும். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்கும் பெரியவருக்கு இது ஒத்துவராது. 6 வயதுக்குட்பட்ட குழந்தையை மேலே படுக்கவைக்கவும் கூடாது. நாலு பேரை ஒரே அறையில் அடைப்பதைவிட, நடுவில் கதவுள்ள இரண்டு அறைகள் நல்லது. அவை ஒரு கப்பலில் கொஞ்சம்தான் இருக்கும், முதலில் தீர்ந்துபோகிறவையும் அவைதான்.

பெரியவர்களின் அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ் டெக்கில், லிஃப்டிலிருந்து நாலைந்து கதவுக்குள் இருக்கட்டும். ஆட்டம் அங்கேதான் குறைவு. நீச்சல் குளத்துக்கு நேர் கீழே எடுக்காதீர்கள், விடிவதற்குள் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து போகும் மின் ஸ்கூட்டர் கொண்டுபோனால் அறைக்குள்தான் நிறுத்த வேண்டும், நடைவழியில் விட அனுமதி இல்லை. அதனால் அகலக் கதவுள்ள அறையைக் கேளுங்கள். துறைமுகப் பட்டியலில், கப்பல் கரையை ஒட்டி நிற்காமல் சிறுபடகில் இறங்கும் ஊர் எது என்றும் பாருங்கள், கிரீஸின் சான்டோரினி அப்படிப்பட்டது. கடல் அலைந்தால் சக்கர நாற்காலியை அந்தப் படகில் ஏற்ற மறுத்துவிடுவார்கள். மருந்துகளைக் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டி அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடும்.

குழந்தைகள் கிளப்பில் பொதுவாக 3 வயது முதல்தான் சேர்ப்பார்கள், டயப்பர் விட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் நர்சரி உள்ள கப்பலைத் தேட வேண்டும். டிஸ்னி கப்பல்களில் 6 மாதம் முதல் 3 வயது வரை பார்த்துக்கொள்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம், இடத்தை முன்பே பிடிக்க வேண்டும். அமெரிக்கச் சுகாதார விதிப்படி நடக்கும் கப்பல்களில் டயப்பர் போட்ட குழந்தையைக் குளத்தில் இறக்க முடியாது, நீச்சல் டயப்பராக இருந்தாலும் சரி. இது தெரியாமல் போய் ஏழு நாளும் குழந்தையைக் குளக்கரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். குழந்தைகளுக்கென்று தனித் தண்ணீர்த் திடல் உள்ள கப்பலா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

ஏறிய அன்று செய்ய வேண்டியது இரண்டு. பாதுகாப்புப் பயிற்சி எல்லா வயதினருக்கும் கட்டாயம். உங்கள் கூடுமிடத்தில் பல கப்பல்களில் குழந்தையின் கையில் ஒரு பட்டை மாட்டுவார்கள், அதில் கூடுமிடத்தின் அடையாளம் இருக்கும். குளிக்கும்போதும் கழற்ற விடாதீர்கள். கிளப்பில் இருக்கும்போது அவசர ஒலி எழுந்தால், பிள்ளையை எங்கே கொண்டுவர வேண்டும் என்று ஊழியர் பார்ப்பது அதைத்தான். இரண்டாவது, இரவுச் சாப்பாட்டு முறை. மாலை 5.30, 6 மணி வாக்கில் தொடங்கும் முதல் பந்தி குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சரி, 8 மணிக்கு மேல் தொடங்கும் இரண்டாம் பந்தியில் பிள்ளைகள் தட்டிலேயே தூங்கிவிடுவார்கள். தவறான பந்தி கிடைத்திருந்தால் அன்றைக்கே உணவகத் தலைமைப் பணியாளரிடம் மாற்றக் கேளுங்கள். மறுநாள் இடம் இருக்காது.

கூட்டமான வாரத்தில் மாட்டிக்கொண்டாலும் வழி இருக்கிறது. ராயல் கரீபியன் நிறுவனக் கப்பல்களில் சோலாரியம் என்ற ஓய்வுப் பகுதியில் 16 வயதுக்குட்பட்டவர்களை விடுவதில்லை. கார்னிவல் நிறுவனக் கப்பல்களில் செரினிட்டி என்ற டெக் 21 வயதானவர்களுக்கு. மற்ற இடங்களுக்கு நேரம்தான் மருந்து. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில், எல்லோரும் ஊர் பார்க்கப் போன பிறகு, காலை 10 மணிக்குக் குளத்துக்குப் போங்கள். மதியம் 3 மணிக்குள் அவர்கள் திரும்பத் தொடங்கிவிடுவார்கள்.