மொன்டானா ஆறுகளில் ஒரு வாரம் ஃப்ளை ஃபிஷிங்: முதல்முறை போகிறவர்களுக்கு

புல்தரையில் வீசிப் பழகிவிட்டு, இனி ஆற்றில் இறங்க வேண்டியதுதான் என்று கிளம்புகிறவர்களுக்கான பதிவு இது. ஃப்ளை ஃபிஷிங் என்றால் இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சியை வீசி மீன் பிடிப்பது; இங்கே பூச்சி என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் அதைத்தான். ராடை (தூண்டில் கம்பு) பொருத்துவது, லைனை (வீசும் தடித்த நூல்) ரீலில் சுற்றுவது, பூச்சியைக் கட்டும் கிளின்ச் முடிச்சு போடுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறது. அமெரிக்காவின் மேற்குப் பக்க ஆறுகளில் வெறுங்கையோடு திரும்புகிறவர்களில் பலர் நன்றாகவே வீசுகிறார்கள். வீசிய பிறகு பூச்சி நீரில் போகும் விதத்தில்தான் சிக்கல். படி 4-ஐ மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

படி 1: தேதி

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை பனி உருகி ஆறுகள் கலங்கி ஓடும். ஆகஸ்டில் வெட்டுக்கிளிப் பூச்சி கட்டி வீசலாம், ஆனால் வெயில் ஏறினால் மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை பிடிக்கத் தடை வந்துவிடும். தண்ணீர் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அந்தத் தடை. அதற்கு முன்பே, 68 டிகிரி தாண்டினாலே ட்ரவுட் (நாம் பிடிக்கப்போகும் குளிர்நீர் மீன்) திணற ஆரம்பிக்கும்; சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவு, அப்போது போராடி ஓய்ந்த மீனை விட்டாலும் அது பிழைக்காமல் போகலாம். ஒரு சின்ன தெர்மாமீட்டரைக் கையோடு வைத்திருங்கள். புதியவர்களுக்கு செப்டம்பர் முதல் பாதிதான் சரி. காலையில் குளிரும், 10 மணிக்கு முன்னால் அவசரப்பட்டு ஓட வேண்டாம்.

படி 2: உரிமம்

மொன்டானா மாநிலத்துக்கு ஓர் உரிமம், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குத் தனி அனுமதி. ஒன்று இன்னொன்றுக்குச் செல்லாது. பூங்காவுக்குள் ஈய எடை கூடாது. தூண்டில் முள்ளின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கியிருக்க வேண்டும். கட்த்ரோட் ட்ரவுட் போன்ற அந்த மண்ணுக்கே உரிய மீன்களைத் திரும்ப விட்டுவிட வேண்டும்.

மாநிலத்தில் 1985-இல் வந்த சட்டப்படி, நீர் வழக்கமாக ஏறும் உயரக் கோட்டுக்குள் ஆற்றோடு நடக்க யாருக்கும் உரிமை உண்டு. ஆற்றுக்குப் போவதற்காகத் தனியார் நிலத்தைக் கடக்கத்தான் உரிமை இல்லை. பாலத்தடியிலோ அறிவிக்கப்பட்ட இடத்திலோ இறங்குங்கள்.

படி 3: சாமான்

9 அடி, 5 வெயிட் ராட் (வெயிட் என்பது அதற்குப் பொருந்தும் லைனின் எடை எண்). மிதக்கும் லைன். 9 அடி 4எக்ஸ் லீடர் (லைனின் நுனியில் கட்டும் மெல்லிய நூல்), கூடவே 4எக்ஸ், 5எக்ஸ் டிப்பெட் (லீடர் நுனியில் சேர்க்கும் இன்னும் மெல்லிய நூல்). எக்ஸ் எண்ணை 11-இலிருந்து கழித்தால் நூலின் தடிமன் ஆயிரத்தில் எத்தனை அங்குலம் என்று வந்துவிடும்: 5எக்ஸ் என்றால் 0.006 அங்குலம்.

ரீலில் காசைக் கொட்டாதீர்கள். இந்த அளவு ட்ரவுட்டுக்கு அது பெரும்பாலும் லைன் சுற்றி வைக்கும் உருளைதான். மிச்சமாகும் பணத்தை நல்ல லைனிலும் பூட்ஸிலும் போடுங்கள். ரப்பர் அடி, அதில் உலோகக் குமிழ் பதித்தது. வேடர்ஸுக்கு (நீரில் இறங்கப் போடும் நீர்புகா உடை) மேல் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டாமல் நீரில் இறங்கவே கூடாது, விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைந்துவிடும். போலரைஸ்டு கண்ணாடி மீனைக் காட்டும், முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும்.

பூச்சிகள் (எண்கள் முள்ளின் அளவு): பாரசூட் ஆடம்ஸ் 14 முதல் 18 வரை, எல்க் ஹேர் கேடிஸ் 14-16, சப்பி செர்னோபில் 10, டங்ஸ்டன் மணி வைத்த ஃபெசன்ட் டெயில் 16, வூலி பக்கர் 8. இதற்கு மேல் முதல் வாரத்தில் தேவைப்படாது.

படி 4: பூச்சியை மிதக்க விடுவது

நீரில் விழுந்த நிஜப் பூச்சி ஓட்டத்தோடு போகும். உங்கள் பூச்சியோ லைனில் கட்டியிருக்கிறது. உங்களுக்கும் பூச்சிக்கும் நடுவில் ஓடும் நீர் வேகமாக இருந்தால் லைனை வில் போல வளைத்துக் கீழே இழுக்கும், லைன் பூச்சியை இழுக்கும். இதைத்தான் டிராக் என்பார்கள். ட்ரவுட் அப்படி இழுபடும் பூச்சியைப் பெரும்பாலும் தொடாது.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி, பூச்சிக்குப் பக்கத்தில் போகும் நுரைக்குமிழைப் பார்ப்பது. இரண்டும் ஒரே வேகத்தில் போனால் சரி. குமிழ் பின்தங்கினாலோ, பூச்சிக்குப் பின்னால் நகத்தால் கீறியது போல மெல்லிய கோடு விழுந்தாலோ இழுபடுகிறது என்று அர்த்தம்.

முதல் மருந்து கிட்டே போவது. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், அதனால் அதன் பின்பக்கமாக, கீழிருந்து மேல்நோக்கி நடந்தால் 20 அடி வரைகூட நெருங்கலாம். 20 அடி வீச்சில் லைனின் பாதியை ராடை உயர்த்தி நீரைத் தொடாமலே வைத்துக்கொள்ளலாம். 50 அடி வீசுகிறவருக்கு நடுவில் நாலு விதமான ஓட்டம் வந்துவிடும்.

இரண்டாவது, மெண்டிங், அதாவது நீரில் கிடக்கும் லைனைப் புரட்டி வைப்பது. லைன் நீரில் விழுந்த உடனே, இழுப்பு தொடங்குவதற்கு முன், ராட் நுனியால் ஓர் அரைவட்டம் போட்டு வளைவை நீர் வரும் மேல்பக்கமாகத் தூக்கி வையுங்கள். இதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். ஒன்று, வெடுக்கென்று இழுப்பதில் பூச்சியும் சேர்ந்து நகர்வது. லைன் லீடரோடு சேரும் இடம் வரை மட்டும் மெதுவாகத் தூக்கி, அங்கே நிறுத்தி, அப்புறம் புரட்டுங்கள். இன்னொன்று, எப்போதும் மேல்பக்கமே புரட்டுவது. பூச்சி வேகமான நீரிலும் லைன் மந்தமான நீரிலும் கிடந்தால் கீழ்ப்பக்கம்தான் புரட்ட வேண்டும், ஏனென்றால் அங்கே லைன்தான் பூச்சியைப் பிடித்து நிறுத்துகிறது.

தொடக்கத்துக்கு நல்ல கட்டு: மேலே சப்பி செர்னோபில், அதன் முள் வளைவில் 18 அங்குலம் 5எக்ஸ் கட்டி, நுனியில் ஃபெசன்ட் டெயில். சப்பி நின்றாலோ முங்கினாலோ ராடை உயர்த்துங்கள். பத்து வீச்சில் ஒரு தடவைகூட ஃபெசன்ட் டெயில் ஆற்றின் அடியில் கிடக்கும் கல்லில் தட்டவில்லை என்றால் நூலை 6 அங்குலம் நீட்டுங்கள்.

படி 5: மீன் மாட்டினால்

கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும்; காய்ந்த கை மீனின் மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும். வலைக்குள், நீருக்குள்ளேயே முள்ளை எடுங்கள். படம் எடுக்க வெளியே தூக்கினால் ஒரு சில நொடிதான். (நீலகிரியில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரவுட்டும் ட்ரவுட் வகைதான், அதே மென்மையான உடம்பு.)

படி 6: ஏழு நாள்

போஸ்மன் விமான நிலையத்திலிருந்து பூங்கா வாசலில் இருக்கும் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊருக்குச் சுமார் 90 மைல். யுஎஸ் 191 சாலை பாதி தூரத்துக்கு மேல் கேலட்டின் ஆற்றை ஒட்டியே போகும். முதல் இரண்டு நாள் அங்கே பாறைகளுக்குப் பின்னால் குட்டை வீச்சு. மூன்றாம் நாள் மேடிசன் ஆற்றில் த்ரீ டாலர் பாலம். அங்கே மீன் கரையிலிருந்து 10 அடிக்குள்ளேயே நிற்கும். நேராக ஆற்று நடுவுக்கு இறங்குகிறவர் மீன் நிற்கும் இடத்தை மிதித்துக்கொண்டு போகிறார். கரையிலிருந்தபடியே முதலில் வீசுங்கள். நான்காம் நாள் வழிகாட்டியோடு படகு. காலையிலேயே உங்கள் மெண்டிங்கைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து, ஆறாம் நாள் பூங்காவின் லமார் ஆறு. வெஸ்ட் யெல்லோஸ்டோனிலிருந்து போகவே 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கட்த்ரோட் நிதானமாக எழும்பி வாய் திறக்கும், அது வாயை மூடும் வரை பொறுத்து ராடைத் தூக்குங்கள். ஏழாம் நாளை மழைக்கு ஒதுக்கி வையுங்கள்.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தது

ஃபெல்ட் (கம்பளி போன்ற அழுத்திய துணி) அடி பூட்ஸ் வைத்திருப்பவர்கள் கேட்டிருந்தீர்கள்: பூங்காவுக்குள் அதற்குத் தடை. ஈரம் உலராத ஃபெல்ட்டில் நியூசிலாந்து சேற்று நத்தை போன்றவை ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். ரப்பர் பூட்ஸையும் ஆறு மாறும்போது தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள்.

கரடி ஸ்பிரே அவசியமா என்றால், அவசியம். முதுகுப் பையில் வைத்தால் பயனில்லை, பெல்ட்டில் இருக்க வேண்டும். கரடியிலிருந்து 100 கஜம், காட்டெருமையிலிருந்து 25 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. ஸ்பிரேயை விமானத்தில் செக்-இன் பையில்கூட விடமாட்டார்கள், போஸ்மனில் இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.