திருகோணமலை டச்பே கடற்கரை வள்ளத்தை அப்ஸ்ட்ராக்ட்டா கீறுறது எப்பிடி?

அப்ஸ்ட்ராக்ட் ஓவியம் எண்டா சும்மா கலரை அள்ளி ஊத்துறதுதானே எண்டு நினைக்கிற ஆக்களுக்குத்தான் இது. கண்ணால பார்த்த ஒண்டில இருந்து ஒவ்வொண்டாக் கழிச்சுக்கொண்டு போறதுதான் தொடங்கிறவைக்கு லேசான வழி. பிக்காசோ 1945 கடைசியில தொடங்கி 1946 ஜனவரி வரைக்கும் ஒரே எருதைக் கல்லச்சில (கல்லில கீறி அச்செடுக்கிற முறை) 11 தரம் மாத்தி மாத்திப் போட்டவர், முதல்ல சதையும் மயிருமா நிண்ட எருது கடைசியில கொஞ்சக் கோடாப் போச்சு, ஆனா அதுவும் எருதுதான். நாங்கள் வள்ளத்தில செய்து பாப்பம்.

1. விடிய வெள்ளன டச்பேக்குப் போங்கோ. சூரியன் கடலுக்கு மேலால வரேக்க வள்ளமெல்லாம் கறுப்பாத் தெரியும், பேர், நம்பர், பெயின்ற் ஒண்டும் தெரியாது, அரைவாசி வேலையை வெளிச்சமே செய்து தந்திடும்.

2. சித்திரக் கொப்பியில 2பி பென்சிலால உள்ளபடி கீறுங்கோ. அணியம் (வள்ளத்தின்ர முன்பக்கம்) எவ்வளவு தூக்கி நிக்குது, கயிறு எங்க கட்டியிருக்கு, கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலை எந்த இடத்தில கடலுக்குள்ள இறங்குது எல்லாம். இதை விட்டுட்டு அடுத்ததுக்குத் தாவினா பிறகு கழிக்கிறதுக்கு ஒண்டும் இருக்காது.

3. யன்னல் கண்ணாடியில அந்தத் தாளை வைச்சு, மேல இன்னொண்டு வைச்சுப் பிரதி எடுங்கோ. கயிறு, பலகை மூட்டு, மணல் எல்லாத்தையும் விடுங்கோ. அதில இருந்து அடுத்த தாள், அதில ரெண்டு வளைவை ஒரு கோடாக்குங்கோ. மலையையும் கோணேசர் கோயிலையும் சேர்த்து ஒரே திட்டாக்க மனம் வராது, சாமி குத்தமெல்லாம் இல்லை, ஆக்குங்கோ. ஆனா வள்ளத்துக்கும் மலைக்கும் நடுவில கிடக்கிற தண்ணித் துண்டின்ர வடிவத்தை மட்டும் விட்டுடாதேங்கோ, படத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறதே அந்தத் துண்டுதான். அலையை என்ன செய்யிறது எண்டு கேட்டா, மொண்ட்ரியான் எண்ட டச்சு ஓவியர் 1915ல கடலைக் குட்டிக் குட்டி நிமிர்ந்த கோடும் படுத்த கோடுமாவே போட்டவர், தேடிப் பாருங்கோ.

4. மூண்டு கலர் காணும், ஒண்டு நல்ல இருட்டா இருக்கோணும். கடல் நீலமா இருக்கோணும் எண்டு சட்டமில்லை, எது இருட்டு எது வெளிச்சம் எண்ட ஒழுங்கை மட்டும் மாத்தாதேங்கோ. போனில கறுப்பு வெள்ளையாப் போட்டோ எடுத்தா பிழை உடன பிடிபடும்.

5. எங்க நிப்பாட்டுறது? தாளைத் தலைகீழாப் பிடியுங்கோ, அப்பவும் படம் ஒரு பக்கமாச் சாயாம நிக்கோணும். நேராக்கினா அணியத்தின்ர ஏத்தம் தெரியோணும். தெரியாட்டி ஒரு தாள் பின்னுக்குப் போய் அங்க இருந்து திரும்பத் தொடங்குங்கோ.