பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு: கையெழுத்துப் போடும் முன்

அம்மாவுக்குப் பாலிசி எடுத்தபோது ஏஜென்ட் படிவத்தைத் தானே நிரப்பிக் கொண்டுவந்தார். சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு நேராக ‘இல்லை’. எதிரே மேசையில் அம்மாவின் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் அட்டை, பாதி தீர்ந்து கிடக்கிறது. “அதைப் போட்டா பிரீமியம் ஏறும் சார், விடுங்க” என்றார். புதுப் படிவம் வாங்கி நானே நிரப்பினேன்.

பெரியவர்களுக்குக் காப்பீடு எடுக்கையில் நடக்கும் தவறுகளில் இதைவிட மோசமானது இல்லை. கிளெய்ம் போட்டால் பழைய மருந்துச் சீட்டுகளைக் கம்பெனி கேட்கும். ‘எட்டு வருடமாகச் சர்க்கரை’ என்று ஒரு டாக்டர் என்றோ எழுதிய வரி போதும், மறுத்துவிடலாம். உண்மையைச் சொன்னால் காத்திருப்புக் காலம் வரும், அதாவது அந்த நோய்க்கு மட்டும் சில காலம் கிளெய்ம் கிடைக்காது, அவ்வளவுதான். முன்பு 4 ஆண்டு வரை இருந்தது. 2024 ஏப்ரல் முதல் 3 ஆண்டுக்கு மேல் வைக்கக் கூடாது. அந்தக் கடிகாரம் பாலிசி எடுத்த நாளில்தான் ஓடத் தொடங்கும். அதனால் “என் ஆபீஸ் இன்சூரன்ஸில்தான் இருக்கிறார்களே” என்று தள்ளிப்போடாதீர்கள். வேலை போனால் அதுவும் போய்விடும்.

அடுத்தது, ஆஸ்பத்திரி அறைக்குக் கம்பெனி ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தரும் என்ற அறை வாடகை வரம்பு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. 5 லட்ச ரூபாய் பாலிசியில் ஒரு நாள் வாடகை வரம்பு 1 சதவீதம் என்றால் 5,000 ரூபாய். அப்பாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று 10,000 ரூபாய் அறை எடுக்கிறீர்கள், ஐந்து நாள். வாடகையில் 25,000 ரூபாய் கையிலிருந்து போகும், சரி. ஆனால் அதோடு நிற்காது. அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் கட்டணங்களையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டுவார்கள். அது 1,60,000 என்றால் 80,000 உங்கள் தலையில். மருந்து, உள்ளே பொருத்தும் கருவிகள், பரிசோதனைகளுக்கு மட்டும் இந்த வெட்டு கிடையாது.

பிரீமியம் மலிவாக இருந்தால் கோ-பே, அதாவது பில்லில் உங்கள் பங்கு, எவ்வளவு என்று கேளுங்கள். 20 சதவீதம் என்றால் 4 லட்ச ரூபாய் பில்லில் 80,000 நீங்கள் கட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை. மிச்சமாகும் பணத்தை, வாடகை வரம்பும் கோ-பேயும் இல்லாத திட்டத்துக்குப் போடுவதே நல்லது என்பேன்.

கண்புரை, மூட்டு மாற்றுக்குத் தனிக் காத்திருப்பும் சில திட்டங்களில் தொகை உச்சவரம்பும் உண்டு. வயதானவர்களுக்கு முதலில் வருவது அவைதானே, அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள். வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி, கம்பெனியே பில்லை நேராகக் கட்டும் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டுவிடுங்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் கூடவே இருக்கும் படிவ நகலை அம்மா அப்பாவோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். அவர்கள் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் காரணமான நோய் அதில் இருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் உடனே எழுதிக் கொடுங்கள். திட்டமே பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க 30 நாள் இருக்கிறது.