ஓட்டு எண்ணிக்கையில் சந்தேகமா? பூத் ஏஜெண்டுகள் செய்ய வேண்டிய வேலை

ராதாபுரத்தில் 2016 சட்டமன்றத் தேர்தல் 49 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. தென்காசியில் 2021-இல் வித்தியாசம் 370. இரண்டு வழக்கிலும் தபால் ஓட்டை மறுபடி எண்ணச் சொல்லி ஐகோர்ட் உத்தரவிட்டது. தென்காசியில் 2023-இல் எண்ணிப் பார்த்தார்கள்; ஜெயித்தவரே ஜெயித்தார் என்று உறுதியானது. ராதாபுரம் வழக்கு 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் தள்ளுபடியான 203 தபால் ஓட்டுகளையும் சுட்டிக் காட்டியது. "மெஷினை மாத்திட்டான்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். எந்த பூத், எந்தச் சுற்று, எத்தனை ஓட்டு என்று சொல்ல வேண்டும். பூத்தில் வேட்பாளர் சார்பில் உட்காரும் ஏஜெண்டுக்கு, அதற்கான காகிதத்தைச் சேர்ப்பது ஓட்டுப்பதிவு நாள் விடியற்காலையிலேயே தொடங்குகிறது.

ஓட்டுப்பதிவு 7 மணிக்கென்றால், மெஷினைச் சோதிக்கும் மாதிரி ஓட்டுப்பதிவு (மாக் போல்) 5.30-க்கு. அம்பாசமுத்திரம் பக்கத்து மலையடிவார பூத்தாக இருந்தாலும் அந்த நேரத்துக்குள் போய்ச் சேருங்கள். குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும், நோட்டா உட்பட எல்லாப் பொத்தானுக்கும். பிறகு குளோஸ், ரிசல்ட், கிளியர் என்ற வரிசையில் அழுத்தி, டோட்டல் பூஜ்யம் காட்டுவதைக் கண்ணால் பாருங்கள். விவிபேட்டில் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) விழுந்த மாதிரிச் சீட்டுகளை வெளியே எடுத்து, கறுப்பு உறையில் போட்டு சீல் வைக்க வேண்டும். அடுத்து கன்ட்ரோல் யூனிட் (ஓட்டுகள் பதிவாகும் பகுதி), பேலட் யூனிட் (வாக்காளர் பொத்தான் அழுத்தும் பகுதி), விவிபேட் மூன்றின் சீரியல் எண்களையும் பச்சைக் காகித சீலின் எண்ணையும் குறித்துக்கொண்டு, சீலில் கையெழுத்துப் போடுங்கள். எண்ணும் மேஜையில் அந்தக் கையெழுத்தைத்தான் தேடப் போகிறீர்கள்.

சாயங்காலம் கூட்டம் கலையும்போது பல ஏஜெண்டுகளும் கிளம்பிவிடுகிறார்கள். பெரிய இழப்பு அதுதான். ஓட்டுப்பதிவு முடிந்ததும் பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கான 17சி படிவத்தின் முதல் பகுதியை நிரப்பி, அங்கே இருக்கிற ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் சான்றிட்ட நகல் கொடுத்து ரசீது வாங்க வேண்டியது பூத்தின் தலைமை அலுவலரின் கடமை. நகலை மடித்துப் பையில் வைக்கும் முன் கணக்கைப் பாருங்கள். வாக்காளர்கள் கையெழுத்துப் போடும் 17ஏ பதிவேட்டில் 812 பேர், கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப்போடாமல் திரும்பியவர் 2, ரகசியம் காக்காததால் அனுமதிக்கப்படாதவர் 1 என்றால் மெஷின் டோட்டல் 809 இருக்க வேண்டும். "விவிபேட்டில் சின்னம் மாறி வந்தது" என்று யாராவது புகார் கொடுத்து சோதனை ஓட்டு போட்டிருந்தால், அது யாருக்கு விழுந்தது என்பதும் படிவத்தில் இருக்க வேண்டும். எண்ணும்போது அதைக் கழிப்பார்கள். டோட்டல் 50-ஐ ஒட்டி அதிகமாக இருந்தால் முதலில் மாக் போலைப் பாருங்கள்: காலையில் கிளியர் அழுத்த மறந்திருப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் முக்கால்வாசிச் சண்டை, சாயங்காலம் சொன்ன சதவீதத்துக்கும் பிறகு வந்த எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தால் வருவது. சாயங்காலத்துச் சதவீதம் தோராயமானது. 6 மணிக்கு வரிசையில் நிற்பவர்கள் டோக்கன் வாங்கி அதற்குப் பிறகும் ஓட்டுப்போடுகிறார்கள். தபால் ஓட்டு மெஷின் கணக்கில் வராது. ஒப்பிடுவதானால் 17சி-யோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

எண்ணிக்கை நாளுக்கு முன்பே நகல்களை மேஜைவாரியாகப் பிரித்துவிடுங்கள். ஒரு தொகுதிக்குப் பொதுவாக 14 மேஜை. முதல் சுற்றில் முதல் 14 பூத், அடுத்த சுற்றில் அடுத்த 14. ஆகவே 5-ஆம் மேஜைக்கு 5, 19, 33 என்று வரும். நடுவில் துணை பூத் இருந்தால் இந்த வரிசை நகர்ந்துவிடும். தேர்தல் அலுவலரின் பட்டியலை வைத்துச் சரிபார்த்த பிறகே பிரியுங்கள். எண்ணும் ஏஜெண்டாக உள்ளே போக, படம் ஒட்டிய படிவம் 18 வேட்பாளர் தரப்பிலிருந்து முன்கூட்டியே போயிருக்க வேண்டும். நெல்லை மாவட்டத்து எண்ணிக்கை 2021-இலும் 2024-இலும் அரசு பொறியியல் கல்லூரியில் நடந்தது. உள்ளே செல்போன் கிடையாது. பேனா, வெள்ளைத்தாள், 17சி நகல் போதும்.

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடி, பெட்டியிலிருந்து கன்ட்ரோல் யூனிட்டை எடுத்ததும் சீரியல் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்து சீல், பிறகு டோட்டல். மூன்றும் உங்கள் நகலோடு பொருந்திய பிறகே ரிசல்ட்டை அழுத்த விடுங்கள். ஒரு வேட்பாளரின் எண்ணைத் தவறவிட்டால் மறுபடி அழுத்தச் சொல்லத் தயங்காதீர்கள்; எத்தனை தடவை அழுத்தினாலும் எண் மாறாது. டோட்டல் பொருந்தாமல், சோதனை ஓட்டாலும் அதற்கு விளக்கம் இல்லையென்றால் அந்த மெஷினைத் தனியே வைப்பார்கள். கடைசியில் வெற்றி வித்தியாசம் அந்த மெஷின்களில் உள்ள ஓட்டுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் அவற்றின் விவிபேட் சீட்டுகளை எண்ண வேண்டும்.

தபால் ஓட்டு மேஜைக்கு, உங்களிடம் இருப்பவர்களில் விவரம் தெரிந்த ஆளைப் போடுங்கள். எண்ணிக்கை அங்கேதான் 8 மணிக்குத் தொடங்கும். மற்ற மேஜைகளுக்கு 8.30-க்கு. ஓட்டோடு வரும் 13ஏ உறுதிமொழியில் கையெழுத்து இல்லை, மேலொப்பம் (அதிகாரியின் சான்றுக் கையெழுத்து) இல்லை, அதிலுள்ள சீரியல் எண்ணும் ஓட்டுச்சீட்டை வைக்கும் 13பி உறையிலுள்ள எண்ணும் வேறு என்று ஒவ்வொரு உறையும் ஒரு காரணத்தால் தள்ளுபடியாகும். காரணவாரியாக எண்ணிக்கை எழுதுங்கள். ராதாபுரத்தில் அந்த 203-ம் பள்ளித் தலைமை ஆசிரியரின் மேலொப்பம் செல்லுமா என்ற கேள்வியில் மாட்டின. 2019-இல் மறுஎண்ணிக்கை நடந்தும், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அன்றே மேஜையில் எழுத்தில் ஆட்சேபணை கொடுப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வெற்றி வித்தியாசத்தைவிடத் தள்ளுபடியான தபால் ஓட்டு அதிகமென்றால் அவற்றை மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. கேட்டு வாங்குங்கள்.

கடைசிச் சுற்று முடிந்ததும் ஒரு தொகுதிக்கு 5 பூத்தைக் குலுக்கிப் போட்டு எடுத்து விவிபேட் சீட்டு எண்ணுவார்கள். பூத் எண் எழுதிய சீட்டுகளைப் போடும்போது உங்கள் தொகுதியின் எல்லா பூத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். மெஷினுக்கும் சீட்டுக்கும் வித்தியாசம் வந்தால் சீட்டின் கணக்கே செல்லும்.

மறுஎண்ணிக்கை கேட்பதானால், இறுதி முடிவுத் தாளான படிவம் 20-இன் மொத்தத்தை அறிவித்ததும், அலுவலர் கையெழுத்துப் போடும் முன், வேட்பாளரோ அவரது ஏஜெண்டோ காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். கையெழுத்து விழுந்துவிட்டால் அந்த வழி அடைத்தது. பிறகு ஐகோர்ட்தான்: முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள், 2,000 ரூபாய் வைப்புத்தொகையோடு. வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் வாக்காளர் யாரும் போடலாம். வழக்குப் போடாதவர்களும், மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பூத் வாரியாக வரும் படிவம் 20-ஐ இறக்கி, உங்கள் பூத் ஏஜெண்டிடம் உள்ள 17சி நகலோடு வைத்துப் பார்க்கலாம்.