வி-கிராஸுக்கு அடித்தகடு மாட்டும்போது

என் இசுசு வி-கிராஸ் பிக்கப் வண்டியை நிரந்தரமாக 2 இன்ச் உயர்த்தியபிறகு, அடிப்பாகத்தைக் கல் அடிக்காமல் காக்க 4 மில்லிமீட்டர் இரும்புத் தகடு மாட்டினேன். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள். ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள்.

முதல் வேலை, சேஸிஸ் ஓட்டைகளில் அடைந்த சேற்றைக் கம்பி பிரஷால் சுரண்டுவது. எனக்கு ஒரு மரையில் செம்மண் கல்லாக இறுகியிருந்தது. அப்படியே முறுக்கியிருந்தால் மரை போயிருக்கும்.

தகட்டைப் பிடிக்கத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். எல்லா போல்ட்டையும் கையால் பாதி ஏற்றிவிட்டு, கடைசியில்தான் இறுக்க வேண்டும். வண்டியை உயர்த்தும்போது முன் டிஃபரன்ஷியலை (முன்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டியை) இறக்கும் கிட் போட்டிருந்தால் தகடு அதில் இடிக்கலாம். ஸ்பேசர் வைத்து இடைவெளி விடுங்கள். தகட்டில் ஆயில் வடிக்க விட்ட துளை, ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு நேராக வருகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஸ்பேனர் போடுங்கள். என் வண்டியில் இரண்டு போல்ட் தளர்ந்திருந்தன.