தைம் செடியில் வெள்ளைப் படிவு: தெளிப்பதற்கு முன் தேய்த்துப் பாருங்கள்

தைம் என்னும் சமையல் மூலிகைச் செடியின் இலையில் வெள்ளையாக எதையாவது கண்டவுடன் தெளிப்பானைத் தேடாதீர்கள். நான் தேடினேன். சாம்பல் நோய் என்னும் பூஞ்சைதான் என்று முடிவு கட்டி, மூன்று வாரம் சமையல் சோடாக் கரைசலை அடித்தேன். வெள்ளை குறையவில்லை, கூடியது. இலை நுனிகள் கருகத் தொடங்கிய பிறகுதான் லென்ஸை எடுத்தேன். காய்ந்த சோடாவே இலையில் படிந்திருந்தது. அதை நோய் என்று எண்ணி, அதன் மேலேயே மீண்டும் மீண்டும் தெளித்திருக்கிறேன்.

முதலில் நல்ல இலை ஒன்றையும் சந்தேகமான இலை ஒன்றையும் கிள்ளி அருகருகே வையுங்கள். தைம் இலையின் அடிப்பக்கம் நுண்மயிர்களால் இயல்பாகவே வெளிறித்தான் இருக்கும். இலையில் வெள்ளை விளிம்பு கொண்ட வகையும், உடல் முழுதும் பஞ்சுபோல மயிர் மூடிய வகையும் உண்டு. இவற்றுக்கு மருந்து தேவையில்லை. பார்ப்பதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸையே பரிந்துரைப்பேன். இவ்வளவு சிறிய இலையில் கைபேசிக் கேமரா தடுமாறுகிறது.

அடுத்து, விரலால் தேய்க்க வேண்டும். மாவுபோல விரலில் வந்தால் அநேகமாகச் சாம்பல் நோய். இலை தண்டோடு சேரும் கக்கத்தில் பஞ்சுத் துணுக்காக இருந்து, நசுக்கினால் பிசுபிசுத்தால் மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு ஊர்ந்தால் சந்தேகம் வலுக்கும். சொரசொரப்பாக ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் கடினநீரின் சுண்ணாம்பு. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரைப் பஞ்சில் தொட்டு அந்த ஓர் இலையில் மட்டும் வைத்தால் கரையும். தேய்த்தும் எதுவும் வராமல் வெளிறிய புள்ளிகளாகவே நின்றால் அது படிவே அல்ல. தத்துப்பூச்சியோ சிலந்திப்பேனோ சாறு உறிஞ்சிய தடம்.

நான் தவறவிட்ட படி இனிமேல்தான் வருகிறது. ஒரு கிளையில் நூல் கட்டுங்கள். அதன் இலைகளை ஈரத்துணியால் துடைத்து, ஐந்து நாள் எதையும் தெளிக்காமல் விடுங்கள். நீரும் வேரில் மட்டும் ஊற்றுங்கள். வட்டத் திட்டாக மீண்டும் வெள்ளை முளைத்தால் அது பூஞ்சை. வராவிட்டால் நீரோ முன்பு தெளித்த மருந்தோ விட்ட படிவு. என் செடியில் ஐந்தாம் நாளும் அந்தக் கிளை பச்சையாகவே இருந்தது.

பூஞ்சை என்று உறுதியானால் கத்தரிக்கோலிலிருந்து தொடங்குங்கள். பல பூஞ்சைகளுக்கு இலை நனைந்திருக்க வேண்டும்; இதற்கு அது தேவையில்லை. நிழலும் தேங்கிய ஈரக்காற்றும் போதும். ஆகவே நெருக்கமான கிளைகளை நீக்கி, வெயிலும் காற்றும் படும் இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். இலையில்லாத பழைய கட்டைத் தண்டு வரை வெட்டாதீர்கள். தைம் அங்கிருந்து பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. அதன் பிறகும் பரவினால் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி பொட்டாசியம் பைகார்பனேட். இதில் சோடியம் இல்லாததால் சமையல் சோடாவைவிட இதையே விரும்புகிறேன். இதுவும் காய்ந்தால் வெள்ளையாகத் தெரியும் என்பதால் நூல் கட்டிய கிளையை மூடிவிட்டுத் தெளியுங்கள்.

மாவுப்பூச்சிக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். முட்டைகள் பிந்திப் பொரிக்கும். வாரம் ஒருமுறை வீதம் மூன்று நான்கு முறை செய்யுங்கள். சுண்ணாம்பு மேலும் படியாமலிருக்க மழைநீர் ஊற்றினால் போதும்.

பிற்சேர்க்கை: பாத்திரம் கழுவும் திரவத்தைத் தெளித்து இலை கருகியதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அதைத் தவிர்த்துவிடுங்கள். செடிகளுக்கென விற்கும் சோப்புக் கரைசலையும் முதலில் ஒரே கிளையில் அடித்து, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொருவர் இலையெல்லாம் சுத்தமாக இருந்தும் செடி வாடுகிறது என்றார். தொட்டியிலிருந்து மண்ணோடு உருவிப் பாருங்கள் என்றேன். வேர்களின் மேல் வெள்ளை மாவு இருந்தது: வேர் மாவுப்பூச்சி. பழைய மண்ணை முழுதும் கழுவி அகற்றி, புது மண்ணிலும் வேறு தொட்டியிலும் நட்டார். அடுத்த மாதம் துளிர் வந்தது.